“செக் பண்ணினது” என்றால் எதைச் செக் பண்ணினோம்? மென்பொருள் பாதுகாப்புக் கருவிகள் பற்றிய ஒரு விளக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து கொண்டிருக்கும்போது எனது கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் எனக்கு அறிமுகமில்லாத ஓர் இளைஞர்.

“நானா, நீங்க செஞ்ச வெப்சைட்ல வாப்பாட பாஸ்போட் கொப்பிய டவுன்லோட் பண்ணினேன். லிங்க்ல கடைசில ஒரு நம்பர் இருக்கு. சும்மா அத மாத்திப் பாத்தேன். வேற ஆக்கள்ட பாஸ்போட் எல்லாம் வருதே” என்றார்.

நாங்கள் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய மென்பொருள் குழு. பயண முகவர் ஒருவருக்காகப் பயணிகளைப் பதிவு செய்யும் இணையத்தளம் ஒன்றைச் செய்து கொடுத்து இரண்டு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதில் கடவுச்சீட்டுப் பிரதிகள், அடையாள அட்டை இலக்கங்கள், வீட்டு முகவரிகள் என எல்லாமே இருந்தன. அந்த இளைஞருக்கு நன்றி சொல்லிவிட்டு, வீதியோரம் வாகனத்தை நிறுத்தி, குழுவில் ஒருவரை அழைத்து அந்தப் பக்கத்தை மூடச் சொன்னேன். பின்னர் பதிவேடுகளைப் பார்த்தோம். அந்த இளைஞர் திறந்த மூன்று பிரதிகளைத் தவிர வேறு எவரும் எதையும் திறந்திருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தளவோடு முடிந்தது. அந்த மூன்று பயணிகளுக்கும் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னோம்.

ஆனால் நிறுவன உரிமையாளரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. “தம்பி, செக் பண்ணினது என்டு தானே என்கிட்ட சொன்னீங்க?”

உண்மைதான். செக் பண்ணியிருந்தோம். ஒரு பரிசோதனைக் கருவியை ஓடவிட்டு, அது கொடுத்த பச்சை நிற அறிக்கையை அச்சிட்டு அவரது கையில் கொடுத்துமிருந்தோம். அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எமது சமூகத்தின் இளைஞர்கள் பலர் இன்று மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். சிறு குழுக்களாகச் சேர்ந்து கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் மருந்தகங்களுக்கும் செயலிகள் செய்து கொடுக்கிறார்கள். “எந்த செக்கியூரிட்டி டூல் நல்லது?” என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்வது பிழையான வழிகாட்டல் என்பதை நான் அந்த வெள்ளிக்கிழமைதான் கற்றுக்கொண்டேன். எந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

நான்கு கேள்விகள்

ஒரு வீடு கட்டி முடிந்ததும் அது பாதுகாப்பானதா என்று பார்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, வரைபடத்தை வாசித்துப் பார்ப்பது. இரண்டாவது, ஹாட்வெயாரில் வாங்கிய வயரும் பூட்டும் தரமானவையா என்று பார்ப்பது. மூன்றாவது, சாவியை யாராவது வாசலிலேயே தொங்கவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பது. நான்காவது, வெளியே நின்று ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் தள்ளிப் பார்ப்பது.

மென்பொருளுக்கும் இதே நான்கு வகைக் கருவிகள்தான் இருக்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டு மற்ற மூன்றையும் செய்ததாக நினைப்பதுதான் நம்மில் பலர் விடும் தவறு.

முதலாவது வகை: நிரலை வாசிக்கும் கருவிகள்

நிரல், அதாவது நாம் ‘கோட்’ என்று சொல்வது, ஓடுவதற்கு முன்னரே அதை வாசித்துப் பிழை தேடும் கருவிகள் இவை. இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் என்பவர் 1978இல் சி மொழிக்காக ‘லின்ட்’ என்ற கருவியை எழுதினார். இன்றைய கருவிகள் அதன் வழிவந்தவை.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? உங்கள் தளத்தில் பெயரைத் தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தட்டச்சு செய்யப்படுவதை அப்படியே எஸ்.கியூ.எல் கட்டளைக்குள் ஒட்டி தரவுத்தளத்துக்கு அனுப்பினால், பெயருக்குப் பதிலாக ஒருவர் ஒரு கட்டளையையே தட்டச்சு செய்யலாம். தரவுத்தளம் அதையும் நிறைவேற்றிவிடும். நல்ல கருவி ஒன்று, வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தையும் வடிகட்டாத நீராகக் கருதும். அந்த நீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது, இடையில் ஒரு வடிகட்டியைக் கடக்கிறதா, கடக்காமலே குடிநீர்க் குழாயில் சேர்கிறதா என்று பின்தொடரும். வடிகட்டி இல்லையென்றால் எச்சரிக்கும்.

இந்த வகையில் அதிகம் பேசப்படும் பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சோனார்கியூப்: சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைத் தளமாகக் கொண்ட நிறுவனத்தினுடையது. இலவசப் பதிப்பை நமது சேர்வரிலேயே நிறுவலாம். நிரலின் பொதுவான தரத்தைப் பார்க்க மிகவும் உதவும். திரும்பத் திரும்ப எழுதப்பட்ட பகுதிகள், சிக்கலான பகுதிகள், வழமையான பிழைகள் என்பவற்றைத் தெளிவாகக் காட்டும். ஆனால் மேலே சொன்ன வடிகட்டாத நீரைப் பின்தொடரும் ஆய்வு அதன் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இலவசப் பதிப்பை நிறுவிவிட்டு எஸ்.கியூ.எல் ஓட்டைகள் இல்லை என்று நிம்மதியாக இருக்கும் குழுக்களை நான் கண்டிருக்கிறேன்.

செம்கிரெப்: இதன் விதிகள் நாம் எழுதும் நிரலைப் போலவே தோற்றமளிக்கும். எனவே ‘இந்தச் செயற்கூற்றை எமது குழுவில் எவரும் நேரடியாக அழைக்கக் கூடாது’ என்பது போன்ற சொந்த விதி ஒன்றை அரை மணித்தியாலத்தில் எழுதிவிடலாம். நமது கணினியிலேயே வேகமாக ஓடும். அடிப்படைப் பதிப்பு இலவசம். எனினும் பல கோப்புகளைத் தாண்டிச் செல்லும் தொடர்புகளைப் பின்தொடர்வதற்குக் கட்டணப் பதிப்பு தேவை.

கோட்கியூஎல்: நிரல் முழுவதையும் ஒரு தரவுத்தளமாக மாற்றி, அதனிடம் கேள்வி கேட்கும் முறை இது. ஒக்ஸ்போர்ட்டில் உருவான செம்ல் நிறுவனத்தை 2019இல் கிட்ஹப் வாங்கியதன் மூலம் கிட்ஹப்பின் பகுதியானது. ஆழமான ஆய்வு செய்யக்கூடியது. கிட்ஹப்பில் பகிரங்கமாக வைக்கப்பட்ட திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசம், தனிப்பட்ட திட்டங்களுக்குக் கட்டண அனுமதி தேவை. ஆனால் நமது நாட்டில் சிறு குழுக்கள் அதிகம் பயன்படுத்தும் பி.எச்.பி மொழியை அது வாசிப்பதில்லை. எவ்வளவு சிறந்த கருவியானாலும் உங்கள் மொழியை வாசிக்காவிட்டால் உங்களுக்கு அதனால் பயனில்லை.

பி.எச்.பியில் வேலை செய்பவர்களுக்கு பி.எச்.பி.ஸ்டான், சாம் என்ற இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. சாமில் வடிகட்டாத நீரைப் பின்தொடரும் ஆய்வும் உள்ளடங்கியிருக்கிறது. பெயர் பெரிதில்லை என்பதற்காக இவற்றை ஒதுக்க வேண்டாம்.

செக்மார்க்ஸ், வெராகோட், ஃபோட்டிஃபை, கவரிட்டி என்பன பெரிய நிறுவனங்களுக்கானவை. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஒப்பந்த அடிப்படையில் வாங்குபவை. ஐந்து பேர் கொண்ட குழு அவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இந்த வகைக் கருவிகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை எல்லா நிரல்களுக்கும் பிழையின்றிச் சொல்லும் கருவி ஒன்றை உருவாக்க முடியாது என்று ஹென்றி ரைஸ் என்ற கணிதவியலாளர் 1953இலேயே நிரூபித்துவிட்டார். எனவே ஒவ்வொரு கருவியும் சில இடங்களில் வீணாகச் சத்தமிடும், சில இடங்களில் மௌனமாக இருந்துவிடும். 2014 ஏப்ரலில் வெளிவந்த ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை, உலகின் கணிசமான இணையத்தளங்கள் பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வருடங்களாக இருந்தது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட நிரல் வாசிக்கும் கருவிகள் அதைப் பிடிக்கவில்லை.

வீண் சத்தமும் சிறிய விடயம் அல்ல. கவரிட்டியை உருவாக்கியவர்கள் 2010இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தமது அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பொய் எச்சரிக்கைகள் 30 வீதத்தைத் தாண்டினால் பொறியியலாளர்கள் அந்தக் கருவியையே கணக்கில் எடுப்பதில்லையாம். எங்களுக்கும் அதுதான் நடந்தது. முதல் நாளே நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்தன. ஒரு கிழமைக்குப் பிறகு எவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது வகை: இரவல் வாங்கியதைப் பார்க்கும் கருவிகள்

இன்று ஒரு செயலியின் பெரும்பகுதி நாம் எழுதியது அல்ல. யாரோ எழுதி இலவசமாக வைத்த நூலகங்களை எடுத்துச் சேர்க்கிறோம். அவற்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அது நமது ஓட்டையும்தான்.

அமெரிக்காவின் ஈக்குவிஃபக்ஸ் நிறுவனத்துக்கு 2017இல் நடந்தது எல்லோருக்கும் பாடம். அது மக்களின் கடன் விபரங்களை வைத்திருக்கும் நிறுவனம். அதன் தளம் ஒன்றில் ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற நூலகம் இருந்தது. அதிலிருந்த ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 7ஆம் திகதி வெளியானது. நிறுவனம் மார்ச் 15ஆம் திகதி ஸ்கேன் ஒன்றையும் செய்தது. அந்த ஸ்கேன் ஓட்டையைக் காட்டவில்லை. மே மாதம் ஊடுருவியவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்கள் போயின. இது தொடர்பான சட்டத் தீர்வுக்காகக் குறைந்தது 57 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் 2019இல் உடன்பட்டது. அவர்களும் “செக் பண்ணினோம்” என்றுதான் சொன்னார்கள்.

2021 டிசம்பரில் ‘லொக்4ஜே’ என்ற ஜாவா நூலகத்தில் வெளிவந்த ஓட்டைக்கு 10க்கு 10 என்ற ஆபத்துப் புள்ளி வழங்கப்பட்டது. அப்போது பல நிறுவனங்கள் தடுமாறியதற்குக் காரணம், அந்த நூலகம் தம்மிடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான். அவர்கள் எடுத்த நூலகம் இன்னொரு நூலகத்தை எடுத்திருந்தது, அது லொக்4ஜேயை எடுத்திருந்தது.

இந்த வகையில் செலவில்லாமல் தொடங்கலாம். பி.எச்.பி எழுதுபவர்களுக்கு ‘கொம்போசர் ஓடிட்’, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ‘என்.பி.எம் ஓடிட்’ என்ற கட்டளைகள் ஏற்கனவே கையில் இருக்கின்றன. கிட்ஹப்பின் டிபெண்டபொட் இலவசம். ஓட்டையுள்ள நூலகத்தைக் கண்டால் திருத்தப்பட்ட பதிப்புக்கு மாறும் கோரிக்கையைத் தானாகவே எழுதித் தரும். கொன்டெய்னர் பயன்படுத்துபவர்களுக்கு ட்ரிவி என்ற திறந்த மூலக் கருவி இயங்குதளப் பொதிகளையும் சேர்த்துப் பார்க்கும். ஸ்னீக் போன்ற வணிகக் கருவிகள் இவற்றுக்கு மேலதிகமாக, எந்த ஓட்டையை முதலில் கவனிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பதில் உதவுகின்றன. எச்சரிக்கைகள் மிக அதிகமாகும்போதுதான் அதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவை ஏற்கனவே அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுபவை. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இசட்’ என்ற நூலகத்தில் வேண்டுமென்றே ஒளித்து வைக்கப்பட்டிருந்த பின்கதவு எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. அன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற பொறியியலாளர், தனது கணினியில் உள்நுழைய ஏறத்தாழ அரை செக்கன் அதிகமாகச் செல்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளிவந்தது.

மூன்றாவது வகை: மறந்து வைத்த சாவியைத் தேடும் கருவிகள்

தரவுத்தளக் கடவுச்சொல்லையோ கட்டண நுழைவாயிலின் இரகசியச் சாவியையோ நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது நாம் எல்லோரும் ஒரு தடவையாவது செய்த காரியம். “பிரைவட் ரிப்போ தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று நினைக்கிறோம். 2016இல் ஊபர் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடைத்த சாவியைக் கொண்டே 5 கோடி 70 இலட்சம் பேரின் தகவல்களை எடுத்தார்கள்.

கிட்லீக்ஸ், ட்ரஃபிள்ஹொக் என்ற இரண்டும் இதற்கான இலவசக் கருவிகள். கிட்லீக்ஸ் இலகுவானது, நிரலை ஏற்றுவதற்கு முன்னரே தடுக்கும்படி பொருத்தலாம். ட்ரஃபிள்ஹொக் ஒரு படி மேலே சென்று, கண்டெடுத்த சாவி இன்னும் வேலை செய்கிறதா என்றும் உரிய சேவையிடம் சோதித்துப் பார்க்கும். இதனால் வீண் சத்தம் குறைகிறது.

இங்கே ஒரு முக்கிய விடயம் இருக்கிறது. சாவியைக் கண்டதும் அந்த வரியை அழித்துவிட்டால் போதாது. கிட்டின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அந்தச் சாவியையே இரத்துச் செய்து புதிய சாவி எடுக்க வேண்டும். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றுகிறோம் அல்லவா?

நான்காவது வகை: வெளியே நின்று தட்டிப் பார்க்கும் கருவிகள்

இவை நிரலைப் பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தளத்துக்கு ஒரு திருடனைப் போல வந்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஏடாகூடமானவற்றைத் தட்டச்சு செய்து, என்ன நடக்கிறது என்று பார்க்கின்றன. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் வேலை செய்யும். சேர்வரின் அமைப்பில் உள்ள தவறுகளையும் காட்டும், இது முதல் வகைக் கருவிகளுக்குத் தெரியாதது. ஆனால் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று சொல்லாது. உள்நுழைவதற்கான வழியை நாம் சரியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் முன்வாசலை மட்டும் சுற்றிவிட்டுப் ‘பிரச்சினை இல்லை’ என்று வந்துவிடும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஸாப் என்பது 2010இலிருந்து இருக்கும் இலவசத் திறந்த மூலக் கருவி. தானாக ஓடும்படி அமைத்துவிடலாம். பேர்ப் சூட் இங்கிலாந்தின் போர்ட்ஸ்விகர் நிறுவனத்தினுடையது, இத்துறை நிபுணர்கள் கையால் சோதிப்பதற்கு அதிகம் விரும்புவது. அதன் இலவசப் பதிப்பில் தானியங்கி ஸ்கேனர் இல்லை. சிறு குழு ஸாப்பில் தொடங்குவதே பொருத்தம்.

ஓர் எச்சரிக்கை. இவற்றை உங்களுடைய தளத்தில், முடிந்தால் அதன் சோதனைப் பிரதியில் மட்டும் ஓடவிடுங்கள். அனுமதியின்றி இன்னொருவரின் தளத்தில் ஓடவிடுவது, நல்ல நோக்கமாக இருந்தாலும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடலாம்.

நான்குக்கும் தப்பியது

இப்போது அந்தக் கடவுச்சீட்டு விடயத்துக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு வேலை செய்தோம். எமது நிரலின் பழைய வரலாற்றில், முன்னர் நாமே கண்டுபிடித்துத் திருத்திய மூன்று பிழைகளைத் தெரிவு செய்தோம். கடவுச்சீட்டுப் பிழையையும் சேர்த்து நான்கு. திருத்துவதற்கு முந்திய அந்தப் பதிப்புகளுக்குத் திரும்பிச் சென்று, கைக்கெட்டிய கருவிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். ஒரு கருவி இரண்டைப் பிடித்தது. இன்னொன்று ஒன்றைப் பிடித்தது. கடவுச்சீட்டுப் பிழையை எதுவுமே பிடிக்கவில்லை.

ஏன்? அந்த நிரலில் ‘பிழை’ என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. உள்நுழைந்தவரா என்று பார்க்கிறது. இலக்கம் சரியான இலக்கமா என்று பார்க்கிறது. எஸ்.கியூ.எல் ஓட்டை இல்லை. ஆவணத்தை எடுத்துக் கொடுக்கிறது. ‘இந்த ஆவணம் இவருடையதா?’ என்ற ஒரு வரி மட்டும் இல்லை. இல்லாத வரியை ஒரு கருவி எப்படி வாசிக்கும்? போர்டிங் வீட்டில் எல்லா அறைகளுக்கும் பூட்டு இருக்கிறது, ஆனால் எல்லாச் சாவியும் எல்லா அறையையும் திறக்கிறது. பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பவருக்கு எந்த அறை யாருடையது என்று தெரியாது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த அபூர்வமான விடயம் அல்ல. மென்பொருள் பாதுகாப்புக்கான உலகளாவிய அமைப்பான ஓவாஸ்ப் வெளியிடும் பத்து முக்கிய ஆபத்துகளின் பட்டியலில், இந்த வகை அனுமதிக் குறைபாடு 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021இல் முதலாம் இடத்துக்கு வந்தது.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வு பணம் கேட்காதது. சோதனைத் தளத்தில் இரண்டு போலிக் கணக்குகளை உருவாக்கினோம். முதலாமவராக உள்நுழைந்து, இரண்டாமவரின் ஆவணத்தைக் கேட்கும் சிறிய சோதனை ஒன்றை எழுதினோம். ‘அனுமதி இல்லை’ என்ற 403 பதில் வந்தால் சோதனை வெற்றி. ஆவணம் வந்தால் தோல்வி. பத்து வரிகூட வராது. முகவரியில் இலக்கம் வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒன்று. நிரலை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் இவை தானாக ஓடுகின்றன. ஸாப்பிலும் பேர்ப்பிலும் இதற்கு உதவும் துணைச் செருகிகள் இருக்கின்றன. ஆனால் யார் எதைப் பார்க்கலாம் என்பதை அவற்றுக்கும் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தெரிவு செய்யும்போது

மேலே சொன்ன பழைய பிழைச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். விளம்பரங்களையும் ஒப்பீட்டு அட்டவணைகளையும் விட உங்கள் சொந்தப் பிழைகளே நேர்மையான நடுவர்கள். அத்துடன் சில கேள்விகளைக் கேளுங்கள். எமது மொழியையும் சட்டகத்தையும் அது வாசிக்கிறதா? இலவசப் பதிப்பில் எது இல்லை? கட்டணம் ஆளுக்கா, நிரல் வரிக்கா, திட்டத்துக்கா? டொலரில் செலுத்தும்போது ஆள் ஒன்றுக்கு மாதம் 20, 30 என்பது சிறு குழுவுக்குச் சுமைதான்.

இன்னொரு கேள்வி, எமது நிரல் எங்கே போகிறது? சில கருவிகள் நமது கணினியிலேயே ஓடும், சில நிரலைத் தமது சேர்வருக்கு எடுத்துச் செல்லும். பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கருவியே வாசலாகிவிடவும் கூடும். 2021இல் கோட்கவ் என்ற நிறுவனத்தின் கருவியில் ஜனவரி இறுதியில் யாரோ சில வரிகளை மாற்றினார்கள். ஏப்ரல் வரை அது வாடிக்கையாளர்களின் இரகசியச் சாவிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. எனவே எந்தக் கருவிக்கும் தேவைக்கு மேல் அனுமதி கொடுக்காதீர்கள்.

ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். முதற் கிழமை சாவி தேடும் கருவி, ஒரு நாளில் பொருத்திவிடலாம். இரண்டாம் கிழமை நூலகங்களைப் பார்க்கும் கருவி. மூன்றாம் கிழமை இரண்டு கணக்குச் சோதனைகள். அதன் பின்னர் நிரல் வாசிக்கும் கருவி. அதில் பழைய எச்சரிக்கைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்று முதல் எழுதும் நிரலில் புதிதாக ஒன்றும் வரக்கூடாது என்ற விதியோடு தொடங்குங்கள். பழையவற்றைக் கிழமைக்குச் சிலவாகக் குறைக்கலாம். கடைசியாக, வெளியிடுவதற்கு முன்னர் ஸாப். எச்சரிக்கைகளைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரின் பெயரில் ஒப்படையுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் எவருக்கும் இல்லை.

மென்பொருள் செய்விப்பவர்களுக்கு

இதை வாசிப்பவர்களில் நிரல் எழுதாதவர்களே அதிகம் இருப்பீர்கள். நீங்கள் ஒரு கடைக்காரராக, பாடசாலை அதிபராக, பள்ளிவாசல் நிருவாக சபை உறுப்பினராக இருக்கலாம். ஊர் மக்களின் அடையாள அட்டை இலக்கமும் குடும்ப விபரமும் உதவி பெறுவோரின் பெயர்ப் பட்டியலும் உங்கள் பெயரில் ஒரு கணினியில் இருக்கின்றன. அது அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அத்தகைய தகவலை வைத்திருப்பவர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

எனவே உங்களுக்குச் செயலி செய்து தருபவரிடம் “செக் பண்ணினீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒருவர் இன்னொருவரின் தகவலைப் பார்க்க முடியுமா என்று இரண்டு கணக்குகளை வைத்து என் முன்னாலேயே காட்டுவீர்களா? கடவுச்சொற்கள் நிரலுக்குள் இருக்கின்றனவா? இரவல் வாங்கிய நூலகங்களை யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள்? யாராவது ஓட்டை ஒன்றைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவருக்கு நியாயமான கூலியைக் கொடுங்கள். மிகக் குறைந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்பவர் இந்த வேலைகளைத்தான் விட்டுவிடுவார்.

அந்தப் பயண முகவர் எங்களை விலக்கவில்லை. அடுத்த திருத்தத்தை ஒப்படைத்த அன்று, நாங்கள் அறிக்கை எதையும் அச்சிட்டுக் கொண்டு போகவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஒரு பயணியாக உள்நுழைந்து, “ஹாஜியார், நீங்களே நம்பர மாத்திப் பாருங்க” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். நான்கைந்து தடவை ‘அனுமதி இல்லை’ என்று வந்தது.

“சரி தம்பி, இப்ப வெளங்குது” என்றார்.